கடைந்த கூடும் அடித்த கூடும்

இரண்டையும் குருவிக்கூடு என்றுதான் சொல்கிறார்கள். ஒன்று விழுப்புரத்தில் ஒரு கடைசல் பட்டறையில் கடைந்தது: உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, வெள்ளை உடல், கருஞ்சிவப்புக் கூரை, உச்சியில் கொக்கி, அடியில் மெலிந்து இறங்கும் ஒரு கூர்முனை. மற்றொன்று திண்டிவனத்தில் ஒரு தச்சர் பேக்கிங் பலகையை அறுத்து அடித்துக் கொடுத்தது: ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைந்த உயரம், இழைப்புளி படாத பக்கங்கள், பின்பலகையில் பாதி அழிந்த ஒரு மை முத்திரை.

முன்னதில் எந்தக் குருவியும் நுழைய முடியாது. பின்னதை எவரும் கொலுப்படியில் வைக்க மாட்டார்கள். ஒன்று அலங்காரம், மற்றொன்று பயன் என்று ஒரே வரியில் தீர்த்துவிடலாம். பலரும் அப்படித்தான் தீர்க்கிறார்கள். வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்த்தால் அந்த வரி நிற்கவில்லை. அலங்காரக் கூட்டில் எங்காவது ஏமாற்றினால் கண் உடனே பிடித்துவிடுகிறது. அதனால் அதைக் கடைபவர் நிஜக் கூடு செய்பவரைவிடக் கடுமையான கணக்குக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. நிஜக் கூட்டிலோ, எங்கே கை வைக்காமல் விடுவது என்று தெரிந்திருப்பதில்தான் பாதித் திறமை இருக்கிறது.

கடைசலிலிருந்து தொடங்கலாம். சொல்ல அதிகம் இருப்பது அங்கேதான்.

இந்தப் பக்கத்துக் கடைசல் பட்டறைகளுக்குச் சோறு போட்டவை கட்டில் கால், தொட்டில் கம்பு, மாடிப்படிக் கைப்பிடித் தூண், பூரிக்கட்டை, மத்து. இரும்புக் கட்டில் வந்தது, மாடிப்படிக்கு எஸ்.எஸ். பைப் வந்தது, மத்து இருந்த இடத்துக்கு மிக்ஸி வந்தது. பட்டறைகள் குறைந்துபோயின. இருப்பவற்றிலும் மூலையில் துண்டுக்கட்டைகள் குவிந்து கிடக்கின்றன. குருவிக்கூட்டுக்கு வேண்டியது அந்தக் குவியல்தான். இரண்டு அங்குலச் சதுரத்தில் ஒரு சாண் நீளத் துண்டு கிடைத்தால் உடலும் அடிக்கூரும் வந்துவிடும். கூரைக்கு அதைவிடக் கொஞ்சம் அகலமான குட்டைத் துண்டு போதும்.

உடலுக்கு வெட்பாலை. தோல் நோய்க்குத் தைலம் காய்ச்ச இலை பறிக்கிறார்களே, அதே மரம். செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளில் புதரோடு புதராக நிற்கும். கர்நாடகத்தின் சென்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்கத்திலும் மரப்பொம்மை கடைவது இந்த மரத்தில்தான். நிறம் வெள்ளை, நார் நெருக்கம், உளிக்கு முரண்டு பிடிக்காது. கூரைக்குப் பூவரசின் வைரம். பூவரசுக்கு வெளிமரம் வெளுப்பு. உள்ளே போகப்போகப் பழுப்பும் சிவப்பும் கலந்து இருளும். பெயிண்ட் இல்லாமலே கூரையும் சுவரும் பிரிந்து தெரிவது இந்த இரண்டு மரங்களின் புண்ணியம். அம்பாசமுத்திரத்தில் சொப்புச்சாமான் கடைந்தவர்கள் மஞ்சள் கடம்பைத் தேடிப் போனார்கள். இங்கே அந்தத் தேட்டம் இல்லை. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து பலாத்துண்டு வந்தால் அன்றைக்குக் கூட்டின் உடல் மஞ்சள், அவ்வளவுதான்.

கட்டையை இரு முனைக்கு நடுவே மாட்டி உருளையாக்குவது பழகு கைக்கும் வரும். அதற்கப்புறம்தான் வேலை. உள்ளே குடைய வேண்டுமானால் ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் திறந்துவிட வேண்டும். நான்கு தாடைச் சக் வைத்திருக்கும் பட்டறைகள் உண்டு. இல்லாதவர்கள் சுழலும் மரக்குழிக்குள் கட்டையின் வாலைத் தட்டி இறுக்கிக்கொள்கிறார்கள். கயிறு இழுத்துக் கடைந்த காலத்தில் இதுவும் கஷ்டம். ஒருவர் கயிற்றை முன்னும் பின்னும் இழுக்க, கட்டை இரண்டு திசையிலும் மாறிமாறிச் சுழலும், உளி ஒரு திசையில்தான் வெட்டும். மோட்டார் வந்தபின் கை ஒரே சீராகப் போகிறது.

உள்ளே இருப்பது யாருக்கும் தெரியப்போவதில்லை, பின் ஏன் குடைவது? எடை ஒரு காரணம். மரக்காணம் கடற்கரைப் பக்கம் சவுக்குத் தோப்புகள் ஏராளம். டிசம்பரில் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் மரமாக நிற்பது வெட்டிவந்த சவுக்குக் கிளைதான். சவுக்கின் நுனி பாரம் தாங்காது. குடையாத கூட்டை மாட்டினால் கிளை தரையைப் பார்க்கும். அமெரிக்கக் கடைசல்காரர்கள் இதே அலங்காரத்தைக் கிறிஸ்துமஸுக்காகவே கடைகிறார்கள், அவர்களும் குடைகிறார்கள், இதே காரணம்தான். ஆனால் எடையைவிடப் பெரிய காரணம் இருட்டு. வாசலுக்குள் இருட்டுத் தெரிய வேண்டும். குடையாத கட்டையில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஓட்டை போட்டால் உள்ளே வெள்ளை மரம் முழிக்கும். யாரும் குனிந்து எட்டிப் பார்ப்பதில்லை; இருந்தாலும் தெரிந்துவிடும், இது வீடு இல்லை, ஓட்டை போட்ட கட்டை என்று.

ஆக, மேலிருந்து 25 மி.மீ. பிட்டால் துளைத்து, பிறகு சிறு உளியால் பக்கவாட்டில் வாங்கி, 40 மி.மீ. உடலின் சுவரை 3 மி.மீ. வரை கொண்டுவருகிறார்கள். உளி உள்ளே இருக்கும்போது முனை கண்ணுக்குத் தெரியாது. காதுதான் வழி. சுவர் மெலிய மெலிய உரசலின் சத்தம் கீச்சென்று மேலே ஏறும். பழகியவர் அந்தச் சுருதியில் கையை எடுத்துவிடுவார்.

வாசல் ஓட்டையைக் குடைவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். இந்த வரிசை முக்கியம். குடைந்தபிறகு மெல்லிய சுவரில் பிட்டை இறக்கினால் உள்பக்கம் சிராய் பெயர்ந்து, சில சமயம் நாரோடு நார் பிளந்து, மொத்த உடலும் போய்விடும். முன்பே போட்டுவிட்டால் பிட்டு கனத்த மரத்துக்குள் நிற்கிறது. அதன்பின் உள்ளே ஓடும் உளி ஓட்டையின் உள்விளிம்பையும், கடைசி மெல்லிய வெட்டு வெளிவிளிம்பையும் தானாகச் சுத்தம் செய்துவிடுகிறது.

அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. நிஜக் கூட்டில் 150 மி.மீ. அகலத்துக்கு வாசல் 32 மி.மீ. அதே விகிதத்தில் 40 மி.மீ. உடலுக்கு எட்டரை மி.மீ. வாசல் வர வேண்டும். போட்டுப் பார்த்தால் பொருந்தாமல் வாய் பிளந்த மாதிரி நிற்கிறது, 6 மி.மீ. தான் கண்ணுக்குச் சரி. காரணம் வட்டம். தட்டையான பலகையில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். வளைந்த உடலில் அதே ஓட்டை பக்கங்களுக்கு வழிந்து பெரிதாகத் தெரியும்.

கூரையில் கடைசல்காரரின் பெருமை அடிப்பக்கத்தில் இருக்கிறது. வெறும் கூம்பாகக் கடைந்து தட்டையாக அறுத்து வைத்தால் மூடி போட்ட டப்பா. அடியை உட்குழிவாக வாங்கினால் ஓரம் காகித மெலிவுக்கு வந்துவிடும், மேலே கனம் அப்படியே இருக்கும், சுவரில் ஒரு நிழல்கோடு விழும். அந்தக் கோடு விழுந்த நொடியில்தான் அது கூரை ஆகிறது. கூரை, உடல் இரண்டிலும் நார் மேலிருந்து கீழாகவே ஓட வேண்டும் என்பது இன்னொரு விதி. ஒன்று நெட்டுக்கு, ஒன்று குறுக்குக்கு என்று வைத்தால் பங்குனி, சித்திரையில் இரண்டும் வெவ்வேறு பக்கம் சுருங்கி ஃபெவிக்கால் வரியில் இடைவெளி விடும்.

உப்புத்தாளை ஒன்றைவிட ஒன்று நைஸாக மூன்று நான்கு முறை மாற்றித் தேய்த்தபின் அரக்கு. அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்தினால் உரசும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும். தாழை மடலை வைத்துத் தேய்த்தால் மினுங்கும். சென்னபட்டணத்து வழி இது. கனத்த பொம்மையில் அழுத்திப் பிடிக்கலாம். 3 மி.மீ. சுவரில் அந்த அழுத்தம் செல்லாது. குச்சி பட்டும் படாமலும் போக வேண்டும்.

கடைசியாக வாசலுக்குக் கீழே பல்குத்தும் குச்சி கனத்தில் ஒரு குருவிக்குச்சி. இதை ஒட்டும்வரை பொருள் என்னவென்று தெரியாது; மணியா, சிமிழா, மிளகுத்தூள் டப்பாவா என்றெல்லாம் கேட்கலாம். குச்சி ஏறியதும் குழந்தைகூடச் சொல்லும். மொத்த வேலையிலும் மிகச் சின்ன உறுப்பு அதுதான். பெயரைத் தருவதும் அதுதான்.

திண்டிவனத்துப் பெட்டியில் அந்தக் குச்சி இல்லை. வேண்டுமென்றே வைக்கவில்லை. சிட்டுக்குருவிக்கு உட்கார மேடை தேவையில்லை. வாசல் விளிம்பை நகத்தால் பற்றிக்கொண்டு நேராக உள்ளே போகும். குச்சியால் லாபம் காக்கைக்கும் பூனைக்கும்தான். அதில் காலூன்றிக்கொண்டு காக்கை வாசலுக்குள் அலகை விடும். விழுப்புரத்தில் எது இல்லாவிட்டால் கூடு கூடாகவே தெரியாதோ, திண்டிவனத்தில் அது இருந்தால் குஞ்சு தப்பாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த மிகக் கூர்மையான வேறுபாடு இந்த ஒன்றரை சென்டிமீட்டர் குச்சிதான்.

பெட்டி செய்வதில் வேலை குறைவு. ஆறு பலகை, ஒரு பிடி ஆணி, பக்கப்பலகையைத் திறந்து மூட ஒரு ஸ்க்ரூ. பலகை 15 முதல் 20 மி.மீ. கனம் இருக்க வேண்டும். மெலிந்தால் சித்திரை வெயிலில் உள்ளே அடுப்பு. தகரக் கூரை கூடவே கூடாது. பேக்கிங் பலகையின் முத்திரையை மட்டும் படித்துவிட்டு அறுக்க வேண்டும். எச்.டி. என்றிருந்தால் பூச்சி சாக மரத்தைச் சூடேற்றியிருக்கிறார்கள், 56 டிகிரியில் அரை மணி, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு வாயு விட்டது. முட்டை இடும் இடத்துக்கு வேண்டாம். நம் பெட்டியின் பின்பலகையில் பாதி அழிந்தும் எச்.டி. தெளிவாக இருக்கிறது.

வாசலுக்குப் புத்தகங்கள் சொல்லும் அளவு 32 மி.மீ. தச்சர் போட்டது 35. “நம்மகிட்ட 35தான் சார் இருக்கு, ஆட்டோ ஹிஞ்சுக்குப் போடுற பிட்டு” என்றார். கப்போர்டு கதவுக்குக் கீல் பதிக்கும் குழிக்கு உலகம் முழுக்க அதுதான் அளவு. அதனால் இன்று பிளைவுட் வேலை செய்யும் தச்சர் எவர் பையிலும் 35 மி.மீ. பிட்டு இருக்கும். பாதகமில்லை. சிட்டுக்குருவி தாராளமாகப் போகும், மைனா போகாது. கடைசல்காரர் 6 மி.மீ.க்கும் எட்டரைக்கும் நடுவே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். இவரோ பையில் இருந்ததைப் போட்டார், குருவிக்குச் சரியாக இருக்கிறது.

வாசலின் கீழ்விளிம்புக்கும் தரைக்கும் 12 சென்டிமீட்டராவது ஆழம் வேண்டும். பூனையின் கை நீளுமே, அதற்காக. சிட்டு நாலைந்து முட்டை இடும். 11 முதல் 14 நாள் அடைகாக்கும். பொரித்தபின் குஞ்சுகள் இரண்டு வாரமாவது உள்ளேயே இருக்கும். பறக்கும் நாளில் அந்த 12 சென்டிமீட்டர் சுவரில் நகம் பதித்து அவை ஏறி வர வேண்டும். அதனால்தான் உள்பக்கம் சொரசொரப்பாக இருக்க வேண்டும் என்பது. இழைத்த பலகை என்றால் உள்ளே ரம்பத்தால் குறுக்கே கீறிவிடச் சொல்கிறார்கள். அங்கே உப்புத்தாளை மூன்று நான்கு முறை மாற்றினார்கள். இங்கே இருக்கும் வழுவழுப்பையும் கெடுக்கிறார்கள்.

மழையையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. கூரை வாசலுக்கு மேல் 5 சென்டிமீட்டராவது நீண்டு முன்சரிவாக இருப்பதும், தரைப்பலகையின் நாலு மூலையிலும் 5 மி.மீ. ஓட்டை போட்டிருப்பதும் அந்த மாதிரி நாளுக்காக. கடைந்த கூட்டின் கூரையும் நீண்டுதான் இருக்கிறது. அது நிழல்கோட்டுக்காக.

இப்படி எதிரெதிராக அடுக்கிக்கொண்டே போனால் வட்டத்துக்கும் சதுரத்துக்கும் உறவே இல்லை என்று தோன்றும். ஆனால் சிட்டுக்குருவி தானாக வீடு குடையும் பறவை அல்ல. ஓட்டின் இடுக்கு, சுவர்ப் பொந்து, மின்பெட்டி என்று கிடைத்த இடத்தில் குடியேறுவது. தானே குடையும் பறவை நம் வேப்பமரத்துப் பட்டகிளையிலேயே இருக்கிறது, செம்மார்புக் குக்குறுவான். ‘டுக் டுக்’ என்று பித்தளை தட்டும் குரலில் நாளெல்லாம் கூப்பிடுமே, அதுதான். காய்ந்த கிளையில் வட்ட வாசல் வைத்து, உள்ளே கீழ்நோக்கிக் குடைந்து வீடு செய்யும். அந்தக் கிளையை நெடுக அறுத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது விழுப்புரத்துக் கூட்டின் வடிவம், திண்டிவனத்துப் பெட்டியின் வடிவம் அல்ல. குச்சியும் கூரையும்தான் இல்லை.

கடைகளில் இரண்டுக்கும் நடுவான ஒரு ரகம் விற்கிறது. பிளைவுட்டில் வெட்டி, பளபளக்கும் பெயிண்ட் அடித்து, வாசலுக்குக் கீழே குச்சி வைத்து, சங்கிலியில் தொங்கவிட்டு, பறவைக்கும் ஆகும் வீட்டுக்கும் அழகு என்று சொல்லி விற்பது. பிறந்தநாள் பரிசாகவும் திருமணத் தாம்பூலமாகவும் வாங்குகிறார்கள். எனக்கு இதில்தான் கோபம். கூரையை ஒட்டிவிட்டார்கள், பருவம் முடிந்தால் பழைய குப்பையை எடுக்க வழியில்லை, தரை ஆழமில்லை, காற்றில் ஆடுகிறது, இரண்டு மழையில் பிளைவுட் வாய் பிளக்கிறது. அலங்காரமாகப் பார்த்தாலும் உட்குழிவு இல்லாத கூரை, வெள்ளை முழிக்கும் விளிம்பு. இரண்டு வேலையையும் செய்வதாகச் சொல்லி இரண்டிலும் ஏமாற்றும் பொருள். கடைந்த கூடு அப்படி எதையும் சொல்லிக்கொள்வதில்லை. 6 மி.மீ. வாசலே அதன் வாக்குமூலம்.

அதற்காக அழகும் பயனும் ஒன்றாகச் சேரவே முடியாது என்று சொல்ல வரவில்லை. சேர்ந்த இடங்கள் இருக்கின்றன. இஸ்தான்புல்லில் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய அயாஸ்மா பள்ளிவாசலின் வெளிச்சுவரில், உயரத்தில், கல்லால் செதுக்கிய குட்டி மாளிகைகள் இருக்கின்றன, ஜன்னல், மாடம், கூம்புக் கூரை எல்லாம் உண்டு, குருவிகளுக்காகவே கட்டியவை. குஜராத்தில் தெருமுனைகளில் நிற்கும் சபுத்ரோ, செதுக்கிய மரத்தூண்மேல் பறவைக்குத் தானியம் வைக்கும் மாடம். அவ்வளவு தூரம் போவானேன், நம் வீட்டு நிலைவாசலில் நெற்கதிரைப் பின்னிக் கொத்தாகத் தொங்கவிடுவார்களே, அறுவடை முடிந்த கையோடு. மாவிலைத் தோரணத்துக்குப் பக்கத்தில் அது வாசலுக்கு அழகு, குருவிக்குச் சாப்பாடு. கொத்தக் கொத்த அழகு குறையும், அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. இவற்றையெல்லாம் பார்த்தால் ஒன்று தெரிகிறது: அலங்காரம் வெளியே இருந்திருக்கிறது. பறவை கால் வைக்கும் இடத்தை, நுழையும் இடத்தை, தின்னும் இடத்தை அது தொடவில்லை. கடையில் விற்கும் பெயிண்ட் வீடு அங்கேதான் கை வைக்கிறது.

பறவையின் கணக்கில் இந்த வேறுபாடெல்லாம் என்ன ஆகிறது என்பதற்கு 2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் நடந்ததைச் சொல்லலாம். தெருவிளக்குக்கான ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை கூடு கட்டி முட்டை இட்டுவிட்டது. குஞ்சு பறக்கும்வரை ஊர்க்காரர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் தெருவிளக்கைப் போடாமல் இருந்தார்கள். அந்தப் பெட்டியைச் செய்தவர் மனதில் பறவை இல்லை, அழகும் இல்லை. இருட்டு, சின்ன வாசல், பூனைக்கு எட்டாத உயரம் மூன்றும் தற்செயலாக அமைந்துவிட்டன. திண்டிவனத்துத் தச்சர் இந்த மூன்றையும் தெரிந்தே வைத்தார், வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் பெட்டி மாட்டினால் குருவி பெருகிவிடும் என்ற பேச்சையும் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும். மார்ச் 20ஐ உலகச் சிட்டுக்குருவி நாளாக 2010 முதல் கொண்டாடுகிறார்கள்; பள்ளிகளில் பெட்டி அடிக்கிறார்கள்; சென்னையில் கூடுகள் அறக்கட்டளை மாணவர்களைக் கொண்டே ஆயிரக்கணக்கில் செய்து மாட்டியிருக்கிறது, 2024 நவம்பரில் பிரதமரின் வானொலி உரையிலும் அது இடம்பெற்றது. நல்ல வேலை. ஆனாலும் 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சிட்டுக்குருவி நாடு முழுவதும் பார்த்தால் குறையவில்லை, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. முதல் சில நாட்கள் குஞ்சுக்குப் பூச்சி வேண்டும். வெறும் தானியத்தில் அது வளராது. மருந்தடித்த தோட்டத்துக்கு நடுவே எவ்வளவு நல்ல பெட்டி வைத்தாலும் அது காலி வீடுதான். விழுப்புரம் மாவட்டத்துக்குப் பறவையால் கிடைத்த பெரிய பெயரோ கழுவெளிக்குச் சேர்ந்தது: 5,151 ஹெக்டேர் சதுப்பு, 2021இல் பறவைகள் சரணாலயம், 2024 ஆகஸ்டில் ராம்சார் தலம். அங்கே வந்திறங்கும் உள்ளான்களுக்கும் வாத்துகளுக்கும் நம் இரண்டு கூடுமே ஒரு பொருட்டில்லை.

செய்பவர்கள் பக்கம் பார்த்தால் பெட்டிக்கு எண்ணிக்கைதான் பலம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்யலாம், செய்யவும் வேண்டும். கோணலாக வந்தாலும் குருவி குறை சொல்லாது. கடைசலில் கோணல் செல்லாது. அந்தக் கைக்கு இன்று மதிப்பு எங்கே இருக்கிறது என்று தேடினால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சென்னபட்டணத்துக்கும் ஏட்டிகொப்பாக்கத்துக்கும் கடைசலுக்காகவே அது முன்னமே கிடைத்திருந்தது. விழுப்புரத்தில் கட்டில் கால் கடைந்த கைக்கு அப்படி ஒரு பெயர்ப்பலகை இல்லை. கொலுவுக்குப் பூங்கா அமைக்கிறவர்கள், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தோடு சேர்த்து மாட்ட எதையாவது தேடுகிறவர்கள், காரின் கண்ணாடியில் தொங்கவிட ஆசைப்படுகிறவர்கள் வந்தால் இந்தக் கூடு ஓடும். வராவிட்டால் பூரிக்கட்டை. குஞ்சு பொரிக்காத வீட்டுக்கு இவ்வளவு உழைப்பா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: கொலுவில் வைக்கும் செட்டியார் பொம்மையின் கடையில் யாரும் அரிசி வாங்குவதில்லை.

பட்டறைக்காரருக்கு வேறு கேள்வி இருந்தது. “இதையே பெருசா கடைஞ்சா நெசமாவே குருவி வந்து குந்துமா சார்?”

வரும். ஆனால் கணக்கு கட்டாது. உள்ளே 15 சென்டிமீட்டர் அகலம் வேண்டுமென்றால் வெளியே 20 சென்டிமீட்டர் பருத்த கட்டையை மாட்ட வேண்டும். அதில் பாதிக்கு மேல் மரம் சீவலாகத் தரையில் கிடக்கும். அதே கட்டையைப் பலகையாக அறுத்தால் பெட்டிக்கு ஆகும், மிச்சமும் இருக்கும். அவ்வளவு பெரிய கட்டை காய மாதக்கணக்காகும், காய்வதற்குள் வெடிக்கும். கட்டில் கால் கடையும் லேத்தில் அந்தப் பருமன் ஏறுவதும் சந்தேகம்.

பெட்டிக்கு லேத்து தேவைப்படும் இடம் ஒன்றே ஒன்று, வாசல். பேக்கிங் பலகை மெத்து மரம். அணில் வந்து விளிம்பைக் கொறித்துக் கொறித்து 35ஐ 50 ஆக்கிவிடும். அதன்பின் மைனாவும் உள்ளே போகும், காக்கையின் தலையும் போகும். வெளிநாடுகளில் வாசலைச் சுற்றி உலோகத் தகடு பதிப்பார்கள். இங்கே கெட்டி மரத்தில் ஒரு வளையம் கடைந்து ஸ்க்ரூவில் முடுக்கிவிடலாம். உள்விட்டம் 32, அதனால் பிட்டு 35 ஆனதும் சரியாகிவிடும். மணிக்கட்டைவிடப் பருத்த கருவேலங் கிளை போதும், பலகை தேட வேண்டாம். முழுக் கிளையைக் கடைந்தால் நடுத்தண்டிலிருந்துதான் வெடிப்புக் கிளம்பும். வளையத்தில் அந்த நடுத்தண்டே வாசலாகத் துளைந்து போய்விடுகிறது, வெடிப்பும் அவ்வளவுக்குக் குறைகிறது. உள்விளிம்பை மழுக்கிவிட வேண்டும், இறகு சிக்காமல் இருக்க. வெளிவிளிம்பில் அழகுக்கு ஒரு புடைப்பு விடலாமா என்று கேட்டார். விடலாம், 2 மி.மீ.க்குள். அதற்கு மேல் போனால் காக்கைக்கு அது காலூன்றும் குச்சி.